பாஸ்வேர்டைச் சேமிக்கவா?

புது பிரவுசர் என் கடைக்கு வந்த அன்றைக்கு எனக்குக் கழுத்து வலி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் செய்த அசட்டுத்தனத்துக்கெல்லாம் கழுத்தின் மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். போட முடியவில்லை.

தக்கலையில் தாலுகா ஆபீசுக்குப் போகிற சாலையில், ஒரு ஜவுளிக்கடைக்கும் ஒரு மருந்துக்கடைக்கும் நடுவே ஒற்றை ஷட்டர் அகலத்தில் இருக்கிறது என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், ஒரு ஸ்கேனர், வந்தவர்கள் உட்கார மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள். சாதிச் சான்றோ பாஸ்போர்ட்டோ முதியோர் பென்ஷனோ, எதுவாக இருந்தாலும் காகிதங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, "எக்கா, இதக் கொஞ்சம் ஏத்தி விடுங்க" என்பார்கள். ஏற்றி விடுவேன். பதினாலு வருஷமாக இதுதான். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பிரவுசருக்கு உலாவி என்று பேர் போட்டிருக்கிறார்கள். நான் எங்கே உலாவினேன்? ஒரே நாற்காலியில்தான் கிடக்கிறேன். அதன் பஞ்சு நைந்து இரண்டு தடவை மாற்றியாகிவிட்டது.

பழைய பிரவுசர் ஒரு வருஷமாகவே தகராறு. உங்கள் பிரவுசர் பழசாகிவிட்டது, புதுப்பித்துவிட்டு வாருங்கள் என்று ஒவ்வொரு தளமாகக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தது. நானும் இந்த வாரம் அடுத்த வாரம் என்று தள்ளிக்கொண்டே போனேன். ஒரு நாள் பென்ஷன் தளமும் சாத்திவிட்டது. அதற்கு மேல் தள்ள முடியாது. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவரை நாகர்கோவிலிலிருந்து வரச் சொன்னேன்.

அவர் வந்த நேரத்தில் கடையில் ஆறு பேர் காத்திருந்தார்கள். அவர் புது பிரவுசரை இறக்கி வைத்து, திறந்தும் காட்டினார். ஐயோ, அதன் உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! வெள்ளை வெளேரென்று ஒரு பக்கம், மூலைகளெல்லாம் வழவழவென்று உருட்டி வைத்திருக்கிறது. உங்களை வரவேற்கிறோம் என்றது. உங்களுக்குப் பிடித்த நிறம் எது என்று கேட்டு எட்டு வட்டங்களைக் காட்டியது. எனக்கு அப்போது வேண்டியிருந்தது நிறமா? கழுத்துக்கு ஒரு தைலமும் குடிக்க ஒரு வாய் வெந்நீரும்தான். அடுத்து ஒரு கேள்வி வந்தது. பழைய பிரவுசரில் இருக்கிற பாஸ்வேர்டுகளையும் மற்றதையும் இங்கே கொண்டுவரட்டுமா என்று. கீழே சின்னதாக, இப்போது வேண்டாம் என்று ஒரு பொத்தான். நான் அதை அழுத்தினேன். இந்தப் பதினாலு வருஷத்தில் எந்தப் பெட்டி குறுக்கே வந்து எதைக் கேட்டாலும், இப்போது வேண்டாம் என்கிற பொத்தானைத்தான் அழுத்தியிருக்கிறேன். கேள்வியை வாசிக்கிறது கிடையாது.

பழுது பார்க்கிறவர், உள்ளே இடமே இல்லை, பழைய பிரவுசரை அடியோடு எடுத்துவிடட்டுமா, அதில் ஏதாவது வேணுமா என்று கேட்டார். ஒன்றும் வேண்டாம், சீக்கிரம் முடித்துவிட்டுப் போங்கள், ஆளுகள் நிற்கிறார்கள் என்றேன். எடுத்துவிட்டார்.

அவர் போன பிறகுதான் புதுசின் குணம் தெரிந்தது. நான் இருக்கிற இடம் திருவனந்தபுரம் என்று அதுவாக முடிவு செய்துகொண்டது. முதல் பக்கத்தில் திருவனந்தபுரத்து வெயில், திருவனந்தபுரத்து மழை, அதற்குக் கீழே மலையாளச் செய்திகள். பென்ஷன் தளத்தைத் திறந்தால், இந்தப் பக்கத்தை மலையாளத்தில் மாற்றித் தரட்டுமா என்று குழைந்துகொண்டு வந்து நிற்கிறது. காத்திருந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி நம்மளக் கேரளாவோட சேத்துட்டானுவளா என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை, கழுத்து.

அதெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். அது யாரையும் தெரிந்து வைத்திருக்கவில்லை என்பதுதான் பொறுக்க முடியாததாக இருந்தது. பழசில் மேலே ஒரு எழுத்துத் தட்டினால் போதும், வேண்டிய தளம் வந்து நிற்கும். தளம் திறந்ததும் யாருடைய கணக்கு என்று ஒரு வரிசை காட்டும். பேரைத் தொட்டால் பாஸ்வேர்டு தானாக விழும். வழக்கமாகப் போகிற கடையில் நம்மைக் கண்டதும் கேட்காமலே பொட்டலத்தை எடுத்து வைப்பார்களே, அப்படி. புதுசில் தட்டினேன். கோடு மட்டும் மினுக் மினுக்கென்று நின்றது.

என் தொழிலின் ஒரு வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். விண்ணப்பம் எதுவானாலும் முதலில் மொபைல் நம்பர் கேட்கும். அந்த நம்பருக்கு ஒரு ஓடிபி வரும், அதைப் போட்டால்தான் கதவு திறக்கும். இங்கே வருகிறவர்களிடம் நம்பர் கேட்டால், அது மாப்பிள்ளை பேரில் இருக்கிறது, அவர் துபாயில் என்பார்கள். போன் வீட்டில் இருக்கிறது, வீடு தேங்காய்ப்பட்டணத்தில் என்பார்கள். ஓடிபி அங்கே போய் அடுப்படி மேடையில் கத்திக்கொண்டு கிடக்கும், ஆள் இங்கே என் முன்னால் உட்கார்ந்திருப்பார். இந்தப் பாடு பட்டு அலுத்துப்போய், ஒரு நாள் என் சொந்த நம்பரையே போட்டேன். வேலை சட்டென்று முடிந்தது. பிறகு எல்லோருக்கும் அதுவேதான். பாஸ்வேர்டும் நானே வைப்பேன். சேமிக்கவா என்று பழைய பிரவுசர் கேட்கும், அந்த ஒரு கேள்விக்கு மட்டும் ஆம் என்பேன். யாருக்கும் காகிதத்தில் எழுதிக்கூடக் கொடுத்ததில்லை. அவர்களும் கேட்டதில்லை. எல்லாம் எக்கா கடையில் இருக்கிறது என்று நிம்மதியாகப் போவார்கள். அதில் எனக்கு ஒரு பெருமையும் இருந்தது, மறைப்பானேன்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் கடைக்குள் சிக்னல் கிடைக்காமல் போய், வேறு கம்பெனியில் புது நம்பர் வாங்கினேன். பழையதற்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும் வேண்டும் என்று நினைத்து, அலுப்பில் விட்டுவிட்டேன். சில மாதத்தில் அது செத்துப்போய், வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். எக்கா, உங்க நம்பர எவனோ ஒருத்தன் எடுக்கான் என்று இரண்டு மூன்று பேர் வந்து சொன்னார்கள். புது நம்பரைச் சொல்லி அனுப்பினேன். கணக்குகளெல்லாம் பழைய நம்பரில் கிடக்கின்றன என்கிற நினைப்பே வரவில்லை. எப்படி வரும்? பிரவுசர்தான் எல்லாவற்றையும் தானாகத் திறந்து திறந்து கொடுத்துக்கொண்டிருந்ததே.

புதுசு வந்த மூன்றாம் நாள் காலையில் ஒரு நர்ஸ் வந்தாள். தேங்காய்ப்பட்டணத்துக்காரி. அம்மா மீன் விற்கிறவர். இவள் படிப்பை முடித்து, தக்கலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷமாக வேலை பார்க்கிறாள். வெளிநாட்டு ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸ்களை எடுக்கிற ஒரு தளத்தில், நாலு வருஷத்துக்கு முன்னால் நான்தான் அவளுக்குப் பதிவு செய்து கொடுத்தேன். அதிலிருந்து டியூட்டி முடிந்து பஸ் ஏறப் போகிறபோதெல்லாம் கடை வாசலில் நின்று, "எக்கா, எதாவது வந்ததா?" என்று கேட்பாள். நான் போனைப் பார்த்துவிட்டு, ஒன்றும் வரவில்லை என்பேன். சரி எக்கா என்று போவாள்.

அன்றைக்கு உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். நைட் டியூட்டி முடித்து நேரே வந்திருக்கிறாள், கண் சிவந்து கிடந்தது. கூடப் படித்த பெண் ஒருத்தி வெளிநாட்டில் அப்படியொரு ஆஸ்பத்திரியில் வேலையில் இருக்கிறாளாம். பட்டியல் போட்டுவிட்டார்கள், அதில் உன் பதிவு எண் இருக்கிறது, இன்றைக்குச் சாயங்காலம் ஐந்து மணிக்குள் தளத்தில் போய் சம்மதம் சொல்லி, பாஸ்போர்ட் நகலும் அனுபவச் சான்றும் ஏற்ற வேண்டும் என்று காலையில் அவள் செய்தி அனுப்பியிருக்கிறாள். அவர்கள் வைத்திருக்கிற வயசு வரம்பு இவளுக்கு இந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த பட்டியலில் இவள் பேர் வராது.

"அதுக்கென்ன மக்ளே, அஞ்சு நிமிஷ வேலை" என்று சொல்லிக்கொண்டே தளத்தைத் திறந்தேன். கணக்கின் பேரையும் பாஸ்வேர்டையும் கேட்டு இரண்டு காலிக் கட்டங்கள் வந்தன. இரண்டையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போதுதான் எனக்கு விஷயம் உறைத்தது. பழசை எடுக்கச் சொன்னபோது இந்தப் பாஸ்வேர்டுகளையும் சேர்த்துத்தான் எடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

கணக்கின் பேர் அவளுடைய பதிவு எண், அது அவளிடம் இருந்தது. பாஸ்வேர்டு என்ன வைத்தேன்? நாலு வருஷத்துக்கு முன்னால் எத்தனையோ பேருக்கு நடுவில் வைத்தது. தெரிந்த நாலைந்தைப் போட்டுப் பார்த்தேன். இன்னொரு தடவை தப்பினால் கணக்கைப் பூட்டிவிடுவேன் என்று தளம் மிரட்டியது. பாஸ்வேர்டு மறந்துவிட்டதா என்கிற இடத்தை அழுத்தினேன். உங்கள் நம்பருக்கு ஓடிபி அனுப்பட்டுமா என்று கேட்டு, கடைசி இரண்டு எண்களை மட்டும் காட்டியது. என் பழைய நம்பர்.

அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. அவள் கேட்டுவிட்டு, அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பாருங்கள் என்றாள்.

என் சொந்த நம்பருக்கு நானே கூப்பிட்டேன். மனதுக்கு மறந்திருந்தாலும் விரலுக்கு மறக்கவில்லை. ஒரு ஆள் எடுத்தார். பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. நான் இன்ன கடை, இந்த நம்பர் முன்னே என்னுடையது என்று தொடங்கியதும் அவர் இடைமறித்தார்.

"நீங்கதானா அந்த எக்கா?" என்றார். "ரெண்டரை வருஷமா உங்களத்தான் தேடுதேன். தெனம் ஒருத்தர் கூப்பிட்டு, எக்கா எனக்க ரேஷன் கார்டு என்னாச்சுன்னு கேக்காங்க. ஆம்பளக் குரல்ல ஹலோங்கேன், அப்பமும் எக்காவக் கூப்பிடுன்னுதான் சொல்லுதாங்க."

ஆரல்வாய்மொழிக்காரர். அங்கே காற்றாலைகள் நிற்கிற, வேலி அடைத்த ஒரு வளவில் காவல் வேலை. மன்னிப்புக் கேட்டேன். பிறகு, இப்போது உங்கள் போனுக்கு ஒரு ஓடிபி வரும், அதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். கேட்டு முடிக்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது, ஏமாற்றுக்காரர்கள் பேசுகிற பேச்சு அப்படியே இதுதான் என்று. அவருக்கும் புரிந்தது. ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது என்று பாங்கில் சொல்லியிருக்கிறார்கள், நான் சொல்ல மாட்டேன் என்றார். நானும் கடை வாசலில் அதையேதான் எழுதி ஒட்டி வைத்திருக்கிறேன், சிவப்பு எழுத்தில். கெஞ்சிப் பார்த்தேன். கடைசியில், யாராவது நேரில் வாருங்கள், முகத்தைப் பார்த்து, அடையாள அட்டையையும் பார்த்துவிட்டுத் தருகிறேன், இரண்டு மணி வரை வேலையில் இருப்பேன் என்றார். குற்றம் சொல்ல முடியுமா? அவர் இடத்தில் நான் இருந்தால் போனையே வைத்திருப்பேன்.

ஓடிபிக்கு ஆயுசு பத்து நிமிஷம். அந்தத் தளம் போனில் ஒழுங்காகத் திறக்காது. ஆக, ஒருவர் ஆரல்வாய்மொழியில் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும், ஒருவர் இங்கே கம்ப்யூட்டர் முன்னால் இருக்க வேண்டும். நான் எழுந்தேன். அவள்தான், "நீங்க இரியுங்க எக்கா, எனக்கு அந்த மிஷின்ல ஏத்தத் தெரியாது" என்று சொல்லி, காகிதங்களை என் மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பினாள். ராத்திரி முழுக்கத் தூங்காதவள். ஒரு சாயா குடித்துவிட்டுப் போ என்றேன், நேரமில்லை என்றுவிட்டாள். மணி பதினொன்றரை. நாகர்கோவிலுக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆரல்வாய்மொழிக்கு ஒரு பஸ், இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டும்.

நான் பாஸ்போர்ட்டையும் சான்றையும் ஸ்கேன் செய்து தயாராக வைத்தேன். வந்தவர்களையெல்லாம் நாளைக்கு வாருங்கள் என்று திருப்பி அனுப்பினேன். திரையில் அந்த வெள்ளைப் பக்கம் சும்மா நின்றது. திருவனந்தபுரத்தில் லேசான மழை என்று சொல்லிக்கொண்டிருந்தது. தக்கலையில் வெயில் கொளுத்தியது. பொல்லாத கோபம் வந்தது எனக்கு, அதன் மேல். அது என்ன செய்தது? கொண்டுவரட்டுமா என்று மரியாதையாகக் கேட்டது, நான்தான் வேண்டாம் என்றேன்.

ஒன்றரை மணிக்கு மேல் போன் வந்தது. அவரைப் பார்த்துவிட்டேன், அழுத்துங்கள் என்றாள். அழுத்தினேன். காத்திருந்தேன். காற்று இரைச்சல் மட்டும் கேட்டது. "மக்ளே, வந்துட்டா?" என்றேன். பதில் இல்லை. லைன் அறுந்துவிட்டதோ என்று பார்த்தேன், அறுந்திருக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். அதற்குப் பிறகு அவள் ஆறு எண்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னாள். குரலில் ஒரு ஏற்ற இறக்கமும் இல்லை. பாவம், தூக்கம் இல்லாத களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

கதவு திறந்தது. கைக்கு வந்த ஒரு பாஸ்வேர்டை இப்போதைக்குப் போட்டு, குறுக்கே வந்த பெட்டியை வாசிக்காமல் மூடிவிட்டு உள்ளே போனேன். சம்மதம் என்கிற இடத்தில் அழுத்தினேன், பாஸ்போர்ட் ஏற்றினேன், சான்று ஏற்றினேன். சான்றின் அளவு பெரிது என்று ஒரு தடவை திருப்பித் தள்ளியது, சுருக்கி மறுபடி ஏற்றினேன். எல்லாம் பெறப்பட்டது என்று பச்சை எழுத்தில் வந்தபோது மணி இரண்டரைகூட ஆகவில்லை. போய்ச் சேர்ந்துவிட்டது மக்ளே என்று அவளிடம் சொன்னேன். சரி எக்கா என்று வைத்துவிட்டாள்.

அப்பாடா என்று பின்னால் சாய்ந்தேன். சாய்ந்தபோதுதான் பக்கத்தின் ஓரத்தில், செய்திகள் என்கிற இடத்தில், சிவப்பில் மூன்று என்று இருப்பதைப் பார்த்தேன். திறந்தேன்.

முதலாவது, இரண்டு வருஷத்துக்கு முந்தையது. ஒரு ஆஸ்பத்திரி உங்களை நேர்காணலுக்குத் தேர்ந்தெடுத்திருக்கிறது, பத்து நாளைக்குள் சம்மதம் தெரிவிக்கவும். இரண்டாவது, இன்னும் மூன்று நாள்தான் இருக்கிறது என்கிற நினைவூட்டல். மூன்றாவது, பதில் வராததால் உங்கள் இடம் வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டது. மூன்றின் அடியிலும் சின்ன எழுத்தில், பதிவு செய்த நம்பருக்குக் குறுஞ்செய்தி அனுப்பப்பட்டது என்று போட்டிருந்தது.

அந்த மாதம் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடைக்கு முன்னால் சாலையைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். அந்தப் பள்ளத்தைத் தாண்டித் தாண்டி அவள் வந்தாள். ஒரே வாரத்தில் மூன்றாம் தடவை வந்து நின்றபோது எனக்கு எரிச்சல். "வந்தா நான் சொல்ல மாட்டேனா?" என்று சிடுசிடுத்தேன். முகம் சுண்டிப் போனாள். அதற்கப்புறம் வாரம் ஒரு தடவை என்பது மாதம் ஒரு தடவை ஆயிற்று. ஒன்றும் வரவில்லை என்று நான் சொன்னதில் பொய் கிடையாது. என் போனுக்கு வரவில்லை. தளத்தைத் திறந்து ஒரு தடவை உள்ளே பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பழைய பிரவுசர் அப்போது இருந்தது. ஒரு எழுத்துத் தட்டினால் போதும்.

ஒவ்வொரு செய்தியின் பக்கத்திலும் ஒரு குப்பைத்தொட்டிப் படம் இருந்தது. அழுத்தினால் அழிந்துவிடும். என் கை அங்கே போனது. ஆமாம், போனது. இன்றைக்குக் காரியம் நடந்துவிட்டது, பழசைச் சொல்லி அவளை நோகடிப்பானேன் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். வெகுநேரம் மவுஸைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். கடைசியில் கையை எடுத்துவிட்டேன். நல்லவள் என்பதால் அல்ல. அவள் ஒவ்வொரு தடவை வாசலில் வந்து நிற்கும்போதும் இதை உள்ளே வைத்துக்கொண்டு பேச வேண்டுமே, அதற்கு என்னிடம் தெம்பு இல்லை.

நாலே கால் மணிக்கு வந்தாள். தலைமுடியெல்லாம் காற்றில் கலைந்து கிடந்தது. காவல்காரர் ஒரு காகிதம் கொடுத்துவிட்டிருந்தார். எக்காவைக் கேட்டு யார் யார் கூப்பிட்டார்கள் என்று அவர் எழுதி வைத்திருந்த பேர்களும் நம்பர்களும். இவர்கள் கணக்கிலிருந்தெல்லாம் என் நம்பரை எடுத்துவிடச் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாராம். காகிதத்தை வாங்கி வைத்துக்கொண்டேன். அவள் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தேன். பிறகு சொன்னேன்.

"மக்ளே, ரெண்டு வருஷம் முன்ன உன்னைய இன்டர்வியூக்குக் கூப்பிட்டிருக்கானுவ. எனக்க பழைய நம்பருக்கு மெசேஜ் போயிருக்கு. நான் அதப் பாக்கல்ல. உங்கிட்ட ஒண்ணும் வரல்லன்னு சொல்லிட்டேன்."

அவள் தண்ணீரைக் குடித்து முடித்து மூடியைத் திருகினாள்.

"தெரியும் எக்கா. அந்த அண்ணனுக்க போன்ல பாத்தேன். அவரு ஒரு மெசேஜயும் அழிக்கல்ல. அவருக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது."

ஓடிபியைத் தேடும்போது அதே பேரிலிருந்து வந்த பழைய செய்திகளும் மேலே வரிசையாக இருந்திருக்கின்றன. அந்த இரைச்சலில் அவள் பேசாமல் நின்றது அதை வாசித்துத்தான்.

"ஏன் மக்ளே அப்பமே ஒரு வார்த்த சொல்லல்ல?" என்றேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"சொல்லியிருந்தா உங்க கை நடுங்கியிருக்கும்லா. எனக்கு இன்னைக்கு இது போய்ச் சேரணும்."

எனக்கு அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். அவள் அழாமல் இருக்கும்போது நான் எந்த முகத்தோடு அழுவது?

பிறகு, நம்பரை மாற்ற வேண்டும் என்றாள். அவள் நம்பரைச் சொல்லச் சொல்ல நான் போட்டேன். அவள் கையில் இருந்த போனுக்கே ஓடிபி வந்தது, அவளே வாசித்தாள். பாஸ்வேர்டும் மாற்ற வேண்டும் என்றாள். என்ன வைக்க என்று கேட்டேன், பதினாலு வருஷப் பழக்கத்தில்.

"நான் போட்டுக்கிடுகேன். எக்கா கொஞ்சம் அங்கோட்டுத் திரும்பிக்கிடுங்க."

நாற்காலியை விட்டுக்கொடுத்துவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். சுவரில் மருந்துக்கடைக்காரர் கொடுத்த காலண்டர், போன மாதத்துத் தாள்கூடக் கிழிக்காமல் தொங்கியது. பின்னால் ஒற்றை விரலால் தட்டுகிற சத்தம். ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக. சத்தம் நின்றதும் திரும்பினேன்.

திரையின் மேல் மூலையில் ஒரு பெட்டி வந்து நின்றது. பாஸ்வேர்டைச் சேமிக்கவா என்று கேட்டது. அந்தப் புது பிரவுசர் என் கடையில் முதன்முதலாகத் தெரிந்துகொள்ளப் போகிற பாஸ்வேர்டு அதுதான். சேமி என்று நீலத்தில் ஒரு பொத்தான், ஒருபோதும் வேண்டாம் என்று வெறும் எழுத்தில் இன்னொன்று. அவள் கேள்வியை முழுக்க வாசித்தாள். வாசித்துவிட்டு, ஒருபோதும் வேண்டாம் என்பதை அழுத்தினாள். பெட்டி போய்விட்டது.

காகிதங்களை எடுத்து அடுக்கி உறையில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாறேன் எக்கா" என்றாள், எப்போதும் சொல்கிற மாதிரியே.

அதன் பிறகு அவள் வாசலில் வந்து நிற்கவில்லை. வேறு வழியாகப் போய் பஸ் ஏறினாளோ, டியூட்டி மாறிவிட்டதோ, நான் விசாரிக்கவில்லை. காவல்காரர் கொடுத்த காகிதத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கடைக்கு வாருங்கள், உங்கள் போனையும் கொண்டு வாருங்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நாலைந்து பேர் எதற்கு எக்கா, உங்க கிட்டேயே இருக்கட்டும் என்றார்கள். வந்துதான் ஆக வேண்டும் என்றேன். பிரவுசரும் பழகிவிட்டது. திருவனந்தபுரம் என்று சொல்வதை மட்டும் அது விடவில்லை, நானும் திருத்தவில்லை.

சில மாதம் கழித்து அவளுடைய அம்மா ஒரு பேர் நீக்கல் விஷயமாக வந்தார். ரேஷன் கார்டில் மகள் பேரை எடுக்க வேண்டுமாம். எதற்கு என்று கேட்டேன்.

"அவ வெளிநாடு போயி மாசம் ஒண்ணாச்சே. உங்களுக்குத் தெரியாதா?" என்றார். "எல்லாம் அவளுக்க போனுக்கே வந்துச்சு. நல்ல ஆஸ்பத்திரியாக்கும்."

நல்லது, ரொம்ப நல்லது என்றேன். மனதாரத்தான் சொன்னேன். பிறகு தளத்தைத் திறந்து, அவரையும் அவருடைய போனை எடுக்கச் சொன்னேன். நம்பர் கேட்ட இடத்தில் அவர் நம்பரைப் போட்டேன். பாஸ்வேர்டு வைக்கிற இடம் வந்ததும், எழுந்து நாற்காலியை அவருக்குக் கொடுத்துவிட்டு, காலண்டரைப் பார்த்துத் திரும்பி நின்றேன். அவருக்கு எழுத்துகளைத் தேடிப் பிடிக்க வெகுநேரம் ஆயிற்று. கழுத்து வலித்தது. திரும்பாமல் நின்றேன்.